12.5 கிலோடால்டன் முகடு: நோயாளியிடமிருந்தா, ஃப்ரீசரிலிருந்தா?

2003 முதல் 2009 வரை ஆய்விதழ்களில் வெளிப்படையாகவே நடந்த ஒரு விவகாரத்தின் பதிவு இது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஒரு புரதத் துண்டு, நிறை அளக்கும் கருவியின் வரைபடத்தில் 12.5 கிலோடால்டன் இடத்தில் முகடாகத் தெரிந்தது (டால்டன் என்பது மூலக்கூறு நிறையின் அலகு, ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை). அதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அது மாதிரியைச் சேமித்த விதத்தால் வந்தது என்று பிறகு தெரிந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம். என்ன தெரிந்தது, அதை ஏன் அப்படிப் படித்தார்கள், எதை வைத்துத் திருத்தினார்கள் என்பதே இங்கே முக்கியம்.

பின்னணி

பெரியவர் ஒருவரின் உடலில் மூளைத் தண்டுவடத் திரவம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். அதில் புரதம் மிகக் குறைவு. இரத்த பிளாஸ்மாவில் லிட்டருக்கு 70 கிராம் வாக்கில் இருக்கும் புரதம் இங்கே 0.15 முதல் 0.45 கிராம்தான். அதிலும் பாதிக்கு மேல் இரத்தத்திலிருந்து கசிந்து வந்த ஆல்புமின். மூளை தானாகச் சுரப்பவற்றில் அளவில் தேறுபவை சிலவே, அவற்றுள் ஒன்று சிஸ்டாட்டின் சி. இரத்தத்தில் இதன் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. தண்டுவடத் திரவத்திலோ அதைப்போல ஐந்தாறு மடங்கு.

சிஸ்டாட்டின் சி 120 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. கதெப்சின் வகை நொதிகளை அடக்கி வைப்பது இதன் வேலை. நிறை 13,343 டால்டன். மூன்றாவது இடத்திலுள்ள புரோலினில் ஓர் ஆக்சிஜன் ஏறிய வடிவமும் கூடவே இருக்கும், அதன் நிறை 13,359. இந்த 16 டால்டன் வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அந்த ஆண்டுகளில் புரதங்களின் நிறையை அளக்கப் பலரும் பயன்படுத்திய முறை செல்டி (SELDI). வேதிப்பூச்சு கொண்ட சிறு தகட்டில் சில மைக்ரோலிட்டர் திரவத்தை விடுவார்கள். பூச்சுக்குப் பிடித்த புரதங்கள் ஒட்டும், மற்றவை கழுவலில் போய்விடும். மேலே மேட்ரிக்ஸ் (லேசர் ஆற்றலை உறிஞ்சிப் புரதத்தைப் பறக்கவிடும் சிறு மூலக்கூறு) பூசி லேசர் அடித்தால், பறந்து செல்லும் நேரத்தைக் கொண்டு நிறை தெரியும். காரத்தன்மை மிகுந்த சிஸ்டாட்டின் சி நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் தகடுகளில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். 13.4 கிலோடால்டன் அருகே உயரமான முகடாக அது தெரிந்ததில் வியப்பில்லை. புரதத்தை வெட்டாமல் முழுதாகப் பார்க்கலாம், ஒரே நாளில் நூறு மாதிரி ஓட்டலாம் என்பவை செல்டியின் பலம். கிடைப்பது ஒரு நிறை எண் மட்டுமே, புரதத்தின் பெயர் கிடைக்காது என்பது பலவீனம். அந்த எண்ணிலும் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை பிழை வரும். 13,343-ஐயும் 13,359-ஐயும் அது பிரித்துக் காட்டாது, இரண்டும் அகன்ற ஒரே மேடாகத்தான் தெரியும்.

முதலில் கண்டது

2003-இல் ஜெனீவாவில் ஒரு குழு, அல்ஸைமர் நோயாளிகளின் திரவத்தையும் நோயில்லாதவர்களின் திரவத்தையும் செல்டியில் ஒப்பிட்டு, வேறுபட்ட சில முகடுகளைப் பட்டியலிட்டது. சிஸ்டாட்டின் சி அப்பட்டியலில் இருந்தது. இரு தரப்பிலும் பத்துப் பேர் வாக்கில்தான். தேடல் ஆய்வுக்கு அந்த அளவு வழக்கமானதுதான்.

2006-இல் நரம்பியல் இதழ் ஒன்றில் அமெரிக்கக் குழுவின் கட்டுரை வந்தது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ளவர்கள், அந்நோயின் முதல் தாக்குதலுக்கு மட்டும் ஆளானவர்கள் ஆகியோரின் திரவத்தில் 12.5 கிலோடால்டனில் ஒரு முகடு. அது சிஸ்டாட்டின் சி-யின் வெட்டுண்ட வடிவம். சங்கிலியின் கடைசி 14 அமினோ அமிலங்கள், அதாவது சி-முனைப் பகுதி, போய்விட்டதால் வந்தது என்று விளக்கம் தரப்பட்டது. மொத்தச் சிஸ்டாட்டின் சி-யின் அளவில் மாற்றமில்லை, வெட்டுண்டதற்கும் முழுதுக்குமான விகிதம்தான் மாறியிருந்தது.

கதை கச்சிதமாகப் பொருந்தியது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸில் நரம்பைச் சுற்றிய மயலின் உறை அழிகிறது, அழிவில் புரதம் வெட்டும் நொதிகளுக்குப் பங்குண்டு, அந்த நொதிகளை அடக்கும் புரதமே வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் தாக்குதலிலேயே நோயை உறுதிசெய்யும் சோதனை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. உயிரியல் விளக்கம் இவ்வளவு எளிதாகக் கைக்கு வந்தால், அந்த இடத்தில்தான் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முன்பே வந்திருந்த எச்சரிக்கை

2006-க்கு ஓராண்டு முன்பே, முன்சொன்ன ஜெனீவாக் குழு புரதப் பகுப்பாய்வுக்கான இதழில் வேறொரு கட்டுரை வெளியிட்டிருந்தது. 12.5 கிலோடால்டனில் தெரிவது தொழில்நுட்பக் கோளாறா, உயிரியல் நிகழ்வா என்பதே அதன் கேள்வி. கிடைத்த விடை: திரவத்தை -20 டிகிரியில் வைத்தால் சிஸ்டாட்டின் சி வெட்டுப்படுகிறது, -80 டிகிரியில் வைத்தால் வெட்டுப்படுவதில்லை. போவது சங்கிலியின் தொடக்கத்திலுள்ள எட்டு அமினோ அமிலங்கள், அதாவது என்-முனை.

தங்கள் பழைய முடிவையே சந்தேகத்துக்கு உள்ளாக்கக்கூடிய கட்டுரையைத் தாங்களே எழுதியது அக்குழுவின் நேர்மை. ஆனால் அது வேதியியலாளர்கள் படிக்கும் இதழில் வந்தது, நோய்க்கான உரிமைகோரல் மருத்துவர்கள் படிக்கும் இதழில் வந்தது. ஒரு திரவத்தைப் பற்றிப் பேசும் இரண்டு கூட்டம் இரண்டு அறைகளில் உட்கார்ந்திருந்தது.

எடைக்கணக்கு

எந்த முனை வெட்டுப்பட்டது என்பதைச் சரிபார்க்கப் புதிய சோதனை வேண்டியதில்லை, அமினோ அமில வரிசையும் கூட்டல் கழித்தலும் போதும்.

சங்கிலியின் முதல் எட்டு: செரின், செரின், புரோலின், கிளைசின், லைசின், புரோலின், புரோலின், ஆர்ஜினின். இவற்றின் நிறை 807 டால்டன். 13,343-இலிருந்து கழித்தால் 12,536. கருவி காட்டிய 12.5 இதுதான்.

சி-முனைக் கணக்கு வேறாக முடிகிறது. கடைசி 14 அமினோ அமிலங்களின் நிறை ஏறத்தாழ 1,453. கழித்தால் மிஞ்சுவது 11,890. செல்டியின் பிழை 0.2 சதவீதம் என்றாலும் அது 25 டால்டன்தான், 600 டால்டனுக்கு மேற்பட்ட இடைவெளியை அது நிரப்பாது.

இன்னொரு தடையும் உண்டு. சிஸ்டாட்டின் சி-யில், சங்கிலியின் இரண்டு இடங்களைக் கந்தக அணுக்களால் கட்டும் டைசல்பைடு பிணைப்புகள் இரண்டு: 73-க்கும் 83-க்கும் இடையே ஒன்று, 97-க்கும் 117-க்கும் இடையே ஒன்று. இரண்டாவதன் ஒரு கால் அந்தக் கடைசி 14-க்குள்ளேயே இருக்கிறது. பிணைப்பை வேதிமுறையில் ஒடுக்கி அவிழ்க்காதவரை, அங்கே வெட்டு விழுந்தாலும் துண்டு கழன்று போகாது. தொங்கிக்கொண்டேயிருக்கும். நிறை குறைவதற்குப் பதில், வெட்டில் நுழைந்த நீர் மூலக்கூறால் 18 டால்டன் கூடும்.

மூன்றாவது அடையாளம்தான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 16 டால்டன். ஆக்சிஜன் ஏறிய புரோலின் மூன்றாவது இடத்தில், போய்விடும் எட்டுக்குள் இருக்கிறது. எனவே 13,343, 13,359 என்ற இரட்டை முகடு, என்-முனை வெட்டுக்குப் பிறகு 12,536 என்ற ஒற்றை முகடாகிவிடும். சி-முனை வெட்டு என்றால் இரட்டை இரட்டையாகவே நிற்கும். செல்டியில் இது தெரியாது. பிரிதிறன் கூடிய கருவியில் ஒரே பார்வையில் தெரியும்.

-20 டிகிரியில் என்ன நடக்கிறது

கையில் எடுத்தால் கல்லாக இருக்கிறதே, அதற்குள் என்ன வினை நடக்கும் என்று கேட்பது இயல்பு. ஆனால் -20 டிகிரியில் தண்டுவடத் திரவம் முழுதாக உறைவதில்லை. உப்பும் நீரும் சேர்ந்த கரைசல் கடைசிச் சொட்டுவரை உறைய -21 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். திரவத்தின் உப்பு ஏறத்தாழ 0.9 சதவீதம். வெறும் உப்புநீராக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், -20 டிகிரியில் நூற்றில் நான்கு பங்கு நீர்மமாகவே பனிப்படிகங்களின் இடுக்கில் நிற்கிறது. உறைந்த நீர் புரதங்களை வெளியே தள்ளிவிடும் என்பதால் சிஸ்டாட்டின் சி, அதை வெட்டக்கூடிய நொதி இரண்டுமே அந்தச் சிறு இடத்தில் 25 மடங்கு செறிவோடு அடைபடுகின்றன. உப்புச் செறிவும் அமிலகார நிலையும் மாறுகின்றன. குளிரில் நொதி மெதுவாக வேலை செய்யும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. பனி படியாமலிருக்க அவ்வப்போது தானே சூடேறும் வீட்டு வகை ஃப்ரீசர் என்றால் நிலைமை இன்னும் மோசம். -80 டிகிரியில் இந்த இடுக்கு நீர்மம் கிடையாது.

மற்ற முறைகள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

ஆன்டிபாடி கொண்டு அளக்கும் வழக்கமான சோதனை வெட்டுண்டதையும் முழுதையும் சேர்த்தே எண்ணும். மொத்த அளவு மாறவில்லை என்று 2006 கட்டுரை சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

டிரிப்சின் என்ற நொதி கொண்டு புரதத்தைத் துண்டாக்கி, துண்டுகளை நிறை நிறமாலைமானியில் படிக்கும் முறையில் இருக்கும் குருட்டுப்புள்ளி இன்னும் சுவையானது. இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் செய்வது இதைத்தான். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். ஃப்ரீசரில் விழுந்த வெட்டும் எட்டாவது இடத்து ஆர்ஜினினுக்கு அடுத்துத்தான். லூசின், வாலின், கிளைசின், கிளைசின் என்று தொடங்கும் அடுத்த துண்டு, முழுப் புரதத்திலிருந்தும் வரும், வெட்டுண்டதிலிருந்தும் வரும், அச்சு மாறாமல். சிஸ்டாட்டின் சி-யை அளக்கப் பலர் தேர்ந்தெடுக்கும் துண்டும் இதுவே. ஆயிரக்கணக்கான புரதங்களை அளக்கும் கருவிக்கும் இந்த வெட்டு தெரியாமல் போய்விடும்.

டிரிப்சின் முறையிலேயே இதைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் எட்டைக் கொண்ட துண்டைத் தனியே அளந்து, அடுத்த துண்டோடு விகிதம் பார்க்கலாம். ஆனால் அது சிறியது, நீரில் கரைவது, துண்டுகளைப் பிரிக்கும் நிரலில் (column) நிற்காமல் கழுவலோடு போய்விடக்கூடியது. அல்லது டிரிப்சின் சேர்ப்பதற்கு முன்பே முனை அமைன்களில் டைமெத்தில் குறி ஏற்றலாம். குறியுள்ள முனை முன்பே இருந்தது, குறியில்லாதது டிரிப்சின் உண்டாக்கியது. மூன்றாவது, குளுட்டாமிக் அமிலத்துக்கு அடுத்து வெட்டும் குளு-சி நொதிக்கு மாறுவது. முதல் குளுட்டாமிக் அமிலம் 19-ஆவது இடத்தில் இருக்கிறது. முழுப் புரதம் 1 முதல் 19 வரையான துண்டைத் தரும், வெட்டுண்டது 9 முதல் 19 வரை தரும். நம் தேர்வு மூன்றாவதுதான், இரண்டு துண்டையும் ஒரே ஓட்டத்தில் நேரடியாக ஒப்பிடலாம்.

எடுத்த முடிவும் விளைவும்

2007-இல், 2006 கட்டுரை வந்த நரம்பியல் இதழிலேயே மறுப்புகள் வந்தன. ஸ்வீடன் குழு ஒன்று மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, 12.5 முகடு என்பது முதல் எட்டு அமினோ அமிலங்களை இழந்த வடிவமே, காரணம் -20 டிகிரிச் சேமிப்பு, நோயைப் பிரித்துக்காட்டும் திறன் அதற்கில்லை என்று தெரிவித்தது. இத்தாலிக் குழு ஒன்றும் இந்த வெட்டுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கே வந்தது.

இரு குழுக்களும் இதை மீண்டும் செய்துபார்க்கத் தேர்ந்த வழி சரியானது. அதே முடிவைப் பெரிய எண்ணிக்கையில் திரும்பப் பெற முயல்வதோடு நிற்காமல், முகட்டின் வேதியியல் அடையாளத்தையும் சேமிப்பின் பங்கையும் தனித்தனியே கேட்டார்கள். நோயாளி எண்ணிக்கையை மட்டும் கூட்டியிருந்தால் தவறு இன்னும் உறுதிப்பட்டிருக்கலாம். நோயாளிகளின் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு பெட்டியிலும், ஒப்பீட்டுக் குழாய்கள் அண்மையில் வேறொரு பெட்டியிலும் சேர்ந்திருந்தால், எண்ணிக்கை கூடக்கூடப் பெட்டிகளுக்கு இடையிலான வேறுபாடு புள்ளியியலில் பளிச்சென்று தெரியும். நோய் வேறுபாடு என்று அதற்குப் பெயர் வைப்பது நாம்.

12.5 முகடு இன்று வேறொரு வேலைக்கு உதவுகிறது. மாதிரி கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் குறியாக.

மாறியவை

2009-இல் ஐரோப்பிய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் ஆய்வு வலையமைப்பு, தண்டுவடத் திரவத்தை எடுத்துச் சேமிப்பதற்கான பொது நெறிமுறையை வெளியிட்டது. பாலிபுரோப்பிலீன் குழாய், எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் உறையவைத்தல், அதற்கு முன் 400 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றிச் செல்களை அகற்றல், சிறு பங்குகளாகப் பிரித்தல், -80 டிகிரி. மைக்ரோலிட்டருக்கு 500 சிவப்பணுக்களுக்கு மேல் இருந்தால் மாதிரியை ஒதுக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் தவிர்ப்பது ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்காக, சிஸ்டாட்டின் சி-க்கு அது பெரிய பொருட்டில்லை.

பழைய மாதிரிகளைக் கையில் வைத்திருப்போர், நோய் ஆய்வுக்கு முன் செய்ய வேண்டிய சோதனை அரைநாள் வேலை. 10 மைக்ரோலிட்டர் திரவத்தில் டிரைபுளூரோஅசிட்டிக் அமிலத்தை 0.5 சதவீதம் வரும்படி சேருங்கள். சி4 (நான்கு கார்பன் சங்கிலி கொண்ட, புரதம் ஒட்டும் பொருள்) நிரப்பிய பிப்பெட் முனையில் ஏற்றி, 0.1 சதவீத அமிலத்தால் மூன்று முறை கழுவி, 60 சதவீத அசிட்டோநைட்ரைலில் கரைத்த சினாப்பினிக் அமிலம் (இங்கே மேட்ரிக்ஸ் இதுதான்) 2 மைக்ரோலிட்டரால் தகட்டிலேயே இறக்குங்கள். சி18 முனை வேண்டாம், முழுப் புரதம் அதிலிருந்து சரியாக இறங்காது. செல்டியைப் போலவே லேசரால் நிறை அளக்கும் மால்டி (MALDI) கருவியில் நேர்கோட்டு முறை, 5 முதல் 20 கிலோடால்டன். நிறை அளவீட்டுக்குக் குதிரை சைட்டோகுரோம் சி (12,360), மாட்டு ரிபோநியூக்ளியேஸ் ஏ (13,682) இரண்டும் போதும், தேவையான இடத்தின் இருபுறமும் நிற்கின்றன.

படிக்கும்போது சில இடறல்கள். 13,761 அருகே தெரிவது டிரான்ஸ்தைரெட்டின், சிஸ்டாட்டின் அல்ல. அதன் சிஸ்டீன் ஏறிய வடிவம் 13,880-இல் நிற்கும். ஒவ்வொரு முகட்டுக்கும் 206 டால்டன் மேலே ஒரு சிறு நிழல் வந்தால் அது சினாப்பினிக் அமிலம் ஒட்டியது. 15,126, 15,867 இரண்டும் எழுந்தால் ஹீமோகுளோபின், ஊசி இரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறது. இவற்றின் இரட்டை மின்னேற்ற முகடுகள் 7,564, 7,934 அருகே வந்து புதிய பெப்டைடு என்று ஏமாற்றும்.

பிறகு 12,536-இன் உயரத்தை, அதையும் 13,343-13,359 மேட்டையும் கூட்டிய மொத்தத்தால் வகுங்கள். இந்த விகிதம் நிச்சயமான அளவு அல்ல. இரண்டு வடிவமும் ஒரே திறனில் பறக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒரே தகட்டில் உள்ள மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே பயன்படுத்துங்கள். எல்லைக்கோட்டை யாரிடமும் கடன் வாங்காமல் நீங்களே வரைய வேண்டும். புதிதாக எடுத்த, மருத்துவச் சோதனை முடிந்து மிஞ்சிய திரவத்தை ஒன்றாகக் கலந்து, 100 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரியுங்கள். சிலவற்றை உடனே -80-இல் வையுங்கள். சிலவற்றை -20-இல் ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் வைத்துவிட்டு -80-க்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில், வரிசை கலைத்து ஒரே தகட்டில் ஓட்டுங்கள். உடனே -80-க்குப் போன பங்குகள் தரும் விகிதமே அடிமட்டம்.

விகிதத்தை முதலில் நோய்ப் பெயருக்கு எதிராக வரைய வேண்டாம். சேமித்த தேதி, ஃப்ரீசர் எண், பெட்டி எண், உருக்கிய தடவை ஆகியவற்றுக்கு எதிராக வரைந்து பாருங்கள். புள்ளிகள் பெட்டி எண்ணைத் தொடர்ந்து ஏறினால், அந்தத் தொகுதியில் சிஸ்டாட்டின் சி மட்டும் வெட்டுப்பட்டிருக்காது. அதே இடுக்கில் மற்ற புரதங்களும் அதே நொதியோடு அடைபட்டிருந்தன. அப்படிப்பட்ட தொகுதியை இணையான வயதுள்ள ஒப்பீட்டுக் குழாய்கள் கிடைக்காதவரை ஓரமாக வைப்பதே சரி. ஒப்பீட்டுக் குழாய்கள் அதே ஃப்ரீசரில், அதே அளவு காலம் இருந்தவையாக இருக்க வேண்டும்.